வயல் மூச்சும் கடல் மூச்சும்

மூன்றாமாண்டு வேதியியல் மாணவி ஒருத்தி எழுதியது

எங்கள் ஊரில் ‘மீத்தேன்’ என்னும் சொல்லை எவரும் நல்ல பொருளில் சொல்வதில்லை. வேண்டாத விருந்தாளி வந்து திண்ணையில் உட்கார்ந்தால், “மீத்தேன் வந்திருக்கு, சீக்கிரம் காப்பியைக் கொடுத்து அனுப்பு” என்று என் அப்பாயி அடுக்களைக்குள் வந்து முணுமுணுப்பார். அந்த மீத்தேனைத்தான் நான் படிக்க விரும்பினேன். அதனால் வீட்டில் மூண்ட சிறு கலகமும், அது தீர்ந்த வகையுமே இக்கட்டுரை. இடையிடையே கொஞ்சம் வேதியியல் வரும். பிற துறை நண்பர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே, ஒரு வாய்க்கால் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். தாத்தாவுக்கு ஆறு மா நிலம். ஆறு வயதில் நடவு நாளன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக அந்தச் சேற்றில் இறங்கினேன். கால் புதைந்த இடத்திலிருந்து குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. நான் பயந்து போய், “தாத்தா, மண்ணு கொதிக்குது!” என்று கத்தினேன். நடவுப் பெண்கள் சிரித்தார்கள். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. “கொதிக்கல பாப்பா. வயல் மூச்சு விடுது. மூச்சு விடுற மண்ணுதான் வெளையும்” என்றார்.

அந்தச் சொல் என் நெஞ்சில் பதிந்துவிட்டது. பிறகு எப்போது சேற்றில் கால் வைத்தாலும், குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பது என் வழக்கமாயிற்று.

சில ஆண்டுகளில் வேறொரு பேச்சு ஊருக்குள் நுழைந்தது. மன்னார்குடிப் பகுதியில், நிலத்துக்குக் கீழே வெகு ஆழத்தில், பழுப்பு நிலக்கரிப் படிவுகள் இருக்கின்றன. அந்தக் கரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மீத்தேன் வாயுவை எடுக்க 2010ஆம் ஆண்டில் ஒப்பந்தம் ஆனது. 2011 சனவரியில் மாநில அரசும் உடன்படிக்கை செய்துகொண்டது. கரியிலிருந்து வாயுவைப் பிரிக்க வேண்டுமானால் அதன்மேல் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அதற்கு நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டூர் எப்போது திறக்கும் என்று வானத்தையும் செய்தித்தாளையும் மாறிமாறிப் பார்க்கும் மக்களுக்கு, அடித்தண்ணீரும் போய்விடும் என்றால் எப்படியிருக்கும்? ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா அந்நாளில் டெல்டாவின் சிற்றூர்களில் இதற்காகவே அலைந்தார். 2013 திசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில், அந்தப் பணியிலேயே அவர் உயிர் பிரிந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. 2013 சூலையில் நிறுத்திவைக்கப்பட்ட அத்திட்டத்தை 2015இல் மாநில அரசு வேண்டாம் என்று முடிவு செய்தது. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமும் வந்தது.

அந்நாளையக் கூட்டம் ஒன்றைப் பற்றித் தாத்தா அடிக்கடி சொல்வார். யாரோ ஒருவர் பெரிய வரைபடம் ஒன்றை மேசைமேல் விரித்தாராம். அதில் நம் ஊர் இருந்ததாம், ஆறு இருந்ததாம், நிலத்துக்குக் கீழே என்னென்னவோ நிறம் நிறமாகத் தீட்டியிருந்ததாம். எழுத்தெல்லாம் ஆங்கிலம். “என் நெலத்துக்கு அடியில என்ன இருக்குன்னு இன்னொருத்தன் கையில படம் இருக்கு. எனக்கு அதப் படிக்கத் தெரியல” என்பார் தாத்தா. சொல்லும்போது குரல் கம்மிவிடும்.

இப்போது கல்லூரிக்கு வருவோம். முதலாண்டில் கரிம வேதியியல் வகுப்பு. மீத்தேன்: ஒரு கரியணு, நான்கு ஹைட்ரஜன் அணுக்கள். நிறமில்லை, மணமில்லை. ‘சதுப்பு வாயு’ என்பது அதன் பழைய பெயர். 1776இல் இத்தாலி நாட்டு அறிஞர் வோல்டா, மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் குச்சியால் கிளறி, வந்த குமிழிகளைப் பாட்டிலில் பிடித்து, கொளுத்திப் பார்த்து அதைக் கண்டறிந்தார். இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேற்றைக் கிளறினால் குமிழியா? அப்படியானால் என் தாத்தாவின் ‘வயல் மூச்சு’ எது? ஊரே சேர்ந்து விரட்டியடித்த மீத்தேன், எங்கள் ஆறு மாவிலும் அன்றாடம் வந்துகொண்டுதான் இருக்கிறதா?

ஆம், அதுதான். நீர் நின்ற சேற்றில் காற்று புகாது. இருந்த ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வேறு பொருள்களைக் கொண்டு மூச்சுவிட வேண்டும். கலியாண வீட்டில் பந்தி பந்தியாக உட்காருவதைப் போன்றது இது. முதற்பந்தியில் நைட்ரேட்டை உண்பவை, அடுத்து மாங்கனீசும் இரும்பும், அதற்கடுத்து சல்பேட். எல்லாம் தீர்ந்தபின் கடைசிப் பந்திக்கு உட்காருகின்றன, மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியாவைச் சேர்ந்தவை அல்ல. ஆர்க்கியா என்னும் தனிக் குலத்தவை. மட்கிய வைக்கோலும் கொழுஞ்சித் தழையும் சிதைந்து கடைசியில் எஞ்சுவதை உண்டு, மீத்தேனை வெளிவிடுகின்றன. அதில் ஒரு பகுதிதான் குமிழியாக மேலே வருகிறது. பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியே, புகைபோக்கியில் போவதுபோல் காற்றில் கலந்துவிடுகிறது.

இரண்டாமாண்டில் துறைச் சுற்றுலாவாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போனோம். படகை நிறுத்திய இடத்தில் இறங்கினேன். முழங்கால்வரை கரிய சேறு. உடனே அழுகிய முட்டை நாற்றம். மாணவியர் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். பேராசிரியர் ஐயா என்னைப் பார்த்து, “நீ வயற்காட்டுப் பிள்ளையாயிற்றே, உங்கள் வயற்சேறு இப்படி நாறுமா?” என்று கேட்டார். இவ்வளவு நாறாது என்றேன். “இரண்டும் சேறுதான். இரண்டிலும் இலைதழைதான் மட்குகிறது. பின் ஏன் இது மட்டும் நாறுகிறது?” என்றார். நான் விழித்தேன்.

விடையை அவரே சொன்னார். கடல்நீரில் சல்பேட் மிகுதி. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 2.7 கிராம். ஆற்றுநீரில் அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. ஆகவே கடற்சேற்றில் சல்பேட் பந்தி எளிதில் முடிவதில்லை. சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை வெளியிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. மீத்தேனுக்குரிய கடைசிப் பந்தி அங்கே மேற்சேற்றில் நடப்பதே அரிது; சல்பேட் சென்றெட்டாத ஆழத்தில்தான் நடக்கும்.

“அப்படியானால் அந்த ஆழத்தில் உண்டாகும் மீத்தேன் என்ன ஆகிறது ஐயா?” என்று கேட்டேன்.

“நூலகம் எதற்கு இருக்கிறது?” என்றார் அவர்.

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனவள்தான் நான், இன்னும் திரும்பவில்லை.

படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டும் வண்டலும், கடலில் செத்து விழும் நுண்ணுயிர்களும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கடலடியில் அடுக்கடுக்காய்ப் படிகின்றன. அவற்றின் ஆழத்தில் மீத்தேன் உண்டாகி, மெல்ல மேல்நோக்கி ஊறுகிறது. மேலிருந்து கடல்நீரின் சல்பேட் கீழ்நோக்கி ஊறுகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஓர் அற்புதம் நிகழ்கிறது. அங்கே ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று தழுவித் திரளாக வாழ்கின்றன. ஆர்க்கியா மீத்தேனைத் தின்கிறது. பாக்டீரியா சல்பேட்டைக் கொண்டு அந்தக் கணக்கை நேர்செய்கிறது. தனித்தனியே இரண்டாலும் ஆகாத காரியத்தைச் சேர்ந்து செய்கின்றன. இந்தக் கூட்டு வாழ்க்கையை ஆண்ட்யே போயிட்டியஸ் என்னும் ஜெர்மானிய அம்மையாரும் அவர் தோழர்களும் 2000ஆம் ஆண்டில் நுண்ணோக்கியில் கண்டு உலகுக்குக் காட்டினர்.

இந்த எல்லைக் காவல் எவ்வளவு கடுமையானது தெரியுமா? கடலடி வண்டலில் உண்டாகும் மீத்தேனில் பத்தில் ஒன்பது பங்கு கடல்நீரை எட்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் வயலில் இந்தக் காவல் ஏன் இல்லை? நன்னீரில் சல்பேட் இல்லை. அதனால் அந்தக் காவலரும் இல்லை. களர் மண்ணைத் திருத்தத் தாத்தா தூவும் ஜிப்சம் ஒரு சல்பேட் உப்பு. அதைத் தூவிய வயலில் மீத்தேன் குறைவதை ஆய்வாளர் அளந்திருக்கிறார்கள்.

ஆனால் எந்தக் காவலுக்கும் ஓர் அளவு உண்டு. ஆற்றங்கரைக்காரர்களாகிய நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளம் அளவுக்குமேல் வந்தால் கரை உடைத்துக்கொள்ளும். கடலடியிலும் அப்படித்தான். வண்டல் அடுக்குகளில் பிளவு இருந்து, அதன் வழியே மீத்தேன் வேகமாக மேலேறி வந்தால், காவல் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க முடியாது. வாயு கடல்நீருக்குள் கசியத் தொடங்கும். இத்தகைய இடத்தைக் ‘குளிர்க் கசிவு’ என்கிறார்கள். எரிமலைப் பக்கத்து வெந்நீர் ஊற்றுகளினின்று பிரித்துக் காட்டவே ‘குளிர்’ என்ற அடை. மெக்சிகோ வளைகுடாவில், புளோரிடாவை ஒட்டிய ஆழ்கடற் சரிவின் அடியில், 3,200 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கண்ட கசிவைப் பற்றி 1984இல் அறிவியலார் எழுதியபோதுதான் இப்படியோர் உலகம் இருப்பதே தெரியவந்தது.

உலகம் என்று சொன்னதில் மிகையில்லை. கதிரவன் ஒளி துளியும் எட்டாத அந்த இருட்டில் கசிவைச் சுற்றி உயிர்கள் திரளாக வாழ்கின்றன. மீத்தேனைத் தின்ற காவலர் விட்டெறிந்த ஹைட்ரஜன் சல்பைடு, நம் மூக்கைப் பொத்த வைத்த அதே நாற்றம், அங்கே சோறாகிறது. அதை எரித்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்களைத் தம் உடம்புக்குள் குடிவைத்துக்கொண்டு, சிப்பிகளும் குழாய்ப்புழுக்களும் வாழ்கின்றன. சில குழாய்ப்புழுக்களுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையே அவற்றுக்குச் சாப்பாடு!

கசிவு தன் வரலாற்றைக் கல்லிலும் எழுதிவைக்கிறது. மீத்தேன் தின்னப்படும்போது பைகார்பனேட் உண்டாகிறது. அது கடல்நீரின் கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் பாறையாக உறைகிறது. கரியணுவில் எடை குறைந்தது ஒன்று (12), சற்றுக் கூடியது ஒன்று (13). நுண்ணுயிர் ஆக்கிய மீத்தேனில் எடை குறைந்த கரி மிகுந்திருக்கும். அந்த முத்திரை பாறையிலும் ஏறிவிடும். கசிவு நின்று பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தபின்னும் ஒரு கல்லை எடுத்து அளந்து, ‘இங்கே ஒரு காலத்தில் மீத்தேன் கசிந்தது’ என்று சொல்லிவிடலாம். கோயிற்சுவரில் கல்வெட்டைப் படிப்பது போலத்தான் இதுவும். தஞ்சைத் தரணிக்காரர்களுக்குக் கல் பேசும் என்பது புதிய செய்தியா என்ன?

இதெல்லாம் எங்கோ அயல்நாட்டுக் கடலில் என்று எண்ண வேண்டாம். நம் வங்கக் கடலிலேயே உண்டு. 2006இல் ‘ஜாய்டஸ் ரெசல்யூஷன்’ என்னும் துளைப்புக் கப்பல் இந்தியக் கடல்களில் பல இடங்களில் கடலடியைத் துளைத்து, ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் மீத்தேன் ஹைட்ரேட்டின் தடித்த படிவைக் கண்டது. ஹைட்ரேட் என்பது மீத்தேனைத் தன் கூட்டுக்குள் சிறைவைத்திருக்கும் பனிக்கட்டி. மிகுந்த அழுத்தமும் குளிரும் இருந்தால்தான் அது நிலைக்கும். ஒரு கனமீட்டர் ஹைட்ரேட்டை உருக்கினால் ஏறத்தாழ 164 கனமீட்டர் மீத்தேன் வெளிப்படும். தீக்குச்சியைக் காட்டினால் எரியும் பனிக்கட்டி!

பிறகு 2018இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் ‘சிந்து சாதனா’ என்னும் ஆய்வுக் கப்பலில் அதே படுகைக்குச் சென்றனர். ஒலி அலையை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவியில், கடலடியிலிருந்து தீச்சுடர் போல எழுந்து நிற்கும் உருவங்கள் தெரிந்தன. அவை வாயுக் குமிழிகளின் வரிசைகள். 900 முதல் 1,800 மீட்டர் வரையிலான ஆழங்களில் கசிவுகள். சில இடங்களில் கடலடிக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழேயே ஹைட்ரேட். சுற்றிலும் அந்தச் சிப்பிகளும் நத்தைகளும் புழுக்களும். இந்தியக் கடற்பரப்பில் இத்தகைய உயிர்க்கூட்டத்தோடு ஒரு கசிவைக் கண்டது அதுவே முதன்முறை என்று 2019இல் அவர்கள் எழுதினார்கள். கிருஷ்ணையும் கோதாவரியும் நம் காவிரிக்கு உடன்பிறந்தவர்கள். அங்கேயும் நெல்வயல்தான், அங்கேயும் வண்டல்தான். அந்த வண்டல்தான் கடலடியில் மூச்சுவிடுகிறது.

இதைப் படித்து முடித்த இரவில் நான் உறங்கவில்லை. முதுகலையில் கடல்சார் வேதியியல் படிப்பது என்று உறுதி செய்துகொண்டேன்.

சென்ற தீபாவளி விடுமுறையில் வீட்டில் சொன்னேன். அப்பா செலவைப் பற்றிக் கேட்டார். அம்மா விடுதியைப் பற்றிக் கேட்டார். தாத்தா ஒன்றே ஒன்று கேட்டார். “எதப் பத்திப் படிக்கப் போற?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “கடலுக்கு அடியில இருக்குற மீத்தேன் பத்தி தாத்தா.”

தாத்தா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். “இந்தப் படிப்பு வேணாம் பாப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதன்பின் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் வாழ்நாளில் அவர் என்னோடு பேசாமலிருந்த நாள்கள் அவை மட்டுமே.

மூன்றாம் நாள் மாலை ஒரு கண்ணாடிப் பாட்டிலையும் புனலையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். தாத்தா வரப்பில் உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறேன் என்று கேட்கவுமில்லை, தடுக்கவுமில்லை. பயிரை மிதிக்காமல், வயல் மூலைப் பள்ளத்தில் இறங்கினேன். பாட்டிலில் நீரை நிரப்பி, நீருக்குள் கவிழ்த்து, வாயில் புனலைப் பொருத்தி, காலால் சேற்றை மிதித்தேன். குமிழிகள் புனலுக்குள் ஏறின. பாட்டிலில் நீர் மெல்ல இறங்கியது. முதல் முறை தீக்குச்சியைக் காட்டியபோது பற்றவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. பள்ளத்தின் வேறொரு பக்கம் போய், பாட்டில் நிறையும்வரை பொறுமையாக மிதித்தேன். அதற்குள் இருட்டிவிட்டது. மூன்றாம் முறை ‘புப்’பென்ற ஓசையோடு நீலச் சுடர் ஒன்று பாட்டில் வாயில் எழுந்து, ஒரு நொடி ஆடி, அணைந்தது.

தாத்தா எழுந்து வந்தார். “இன்னொரு தடவ காட்டு” என்றார். மறுபடி பிடித்துக் கொளுத்திக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, “சாணி கேஸ் எரியற மாதிரியே இருக்கே” என்றார்.

எனக்கு நெஞ்சு படபடத்தது. எங்கள் கொல்லையில் இன்றும் ஒரு துருப்பிடித்த இரும்புத் தொட்டி கிடக்கிறது. அதன்மேல் பறங்கிக்கொடி படர்ந்திருக்கிறது. 1980களில் அரசு மானியத்தில் ஊர் ஊராகச் சாண எரிவாயுக் கலம் கட்டியபோது தாத்தாவும் ஒன்று கட்டினார். மாடுகளை விற்கும்வரை அதில்தான் சமையல். “அதுவும் மீத்தேன்தான் தாத்தா” என்றேன். “பத்து வருசத்துக்கு மேல அப்பாயி நமக்கு அதுலதான் சோறு ஆக்கிப் போட்டுது.”

“இத யாரும் சொல்லலியே” என்றார் தாத்தா.

வரப்பில் உட்கார்ந்து, மேலே எழுதியதையெல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். பந்திக் கதையைக் கேட்டுச் சிரித்தார். எல்லைக் காவலைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டினார். மீத்தேன் காற்றில் கலந்தால் கரியமில வாயுவைவிட, நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைத் தேக்கும் என்பதையும், மனிதர் செயலால் காற்றில் சேரும் மீத்தேனில் ஏறத்தாழ 8 விழுக்காடு நெல்வயல்களிலிருந்து போகிறது என்பதையும் சொன்னபோது முகம் சுளித்தார்.

“அப்ப நம்ம வயலு உலகத்தக் கெடுக்குதுங்கறியா?”

“முழுக்க நிறுத்த முடியாது தாத்தா. காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி வச்சா பாதியளவு குறையும்ங்கறாங்க. மண்ணு காயும்போது காத்து உள்ள போவும். மீத்தேன் பண்ற உயிரு அடங்கிடும்.”

“அத நாங்க அந்தக் காலத்துலேயே வச்சோமே. ஆத்துல மொற வச்சுத்தான தண்ணி வந்துச்சு” என்றார். பிறகு சட்டென்று திரும்பி, நான் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். “அந்தக் கடலுக்கு அடியில இருக்குறத எடுக்கப் பாப்பானுவளா?”

“பாப்பாங்க தாத்தா. ஜப்பான்காரங்க 2013லேயே கடலுக்கு அடியில தொளச்சு, ஹைட்ரேட்லேருந்து ஆறு நாள் வாயு எடுத்துப் பாத்தாங்க. மணல் வந்து அடைச்சுக்கிட்டதால நிறுத்திட்டாங்க. நம்ம நாட்டுலயும் எடுக்கணுங்கற எண்ணம் இருக்கு.”

“எப்படி எடுப்பானுவ?”

“தண்ணிய இறைச்சு அழுத்தத்தக் குறைச்சு.”

“அதே வேல” என்றார் தாத்தா. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. “அப்ப நீ படிக்கிறது அதுக்குத்தானே உதவும்?”

தோழியரே, தோழர்களே, இதற்கு நான் என்ன சொல்வது? உதவாது என்றால் பொய். எடுக்க வருகிறவருக்கும் இந்தப் படிப்புத்தான் வேண்டும். எடுக்காதே என்று சொல்கிறவருக்கும் இந்தப் படிப்புத்தான் வேண்டும். ஒரு கசிவு எங்கே இருக்கிறது, எவ்வளவு வருகிறது, அதை நம்பி எந்தெந்த உயிர் வாழ்கிறது, அழுத்தத்தைக் குறைத்தால் அந்தக் கடற்சரிவு நிற்குமா சரியுமா என்பதெல்லாம் அளந்தவருக்குத்தான் தெரியும். அளக்கத் தெரியாதவர் கையில் கோபம் இருக்கும், கணக்கு இருக்காது. இப்படி நினைத்தேனே தவிர, சொல்ல வரவில்லை.

“உதவும் தாத்தா. ரெண்டு பக்கத்துக்கும் உதவும்” என்று மட்டும் சொன்னேன்.

தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. படியேறும்போது நின்றார்.

“அன்னிக்கு அந்தப் படத்த விரிச்சாங்களே, அப்ப நம்ம பக்கம் அதப் படிக்கறதுக்கு ஒரு ஆளு இல்ல. படிச்சுச் சொல்லறதுக்கு வேற ஊர்லேருந்து ஆள் வர வேண்டியிருந்துச்சு.” சற்று நிறுத்தினார். “நீ போய்ப் படி. ஆனா ஒண்ணு. நாளைக்கு நீ படம் போட்டா, அதுல தமிழ்ல எழுதணும். நான் பாத்தாலே வெளங்கறாப்புல.”

அப்பாயி உள்ளிருந்து, “என்னவாம் மீத்தேனு?” என்று குரல் கொடுத்தார். தாத்தா முதன்முறையாக அந்தச் சொல்லுக்குச் சிரித்தார்.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். இடம் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். அதற்குள் தாத்தா சொன்ன வேலையைத் தொடங்கிவிடலாம் என்று இதை எழுதினேன். நிறமும் கோடும் இல்லாவிட்டாலும், இது நான் போட்ட முதல் படம். ஆண்டுமலர் அச்சாகி வந்ததும் என் பிரதியை அவரிடம்தான் கொடுப்பேன். திண்ணையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி முழுவதும் படிப்பார். எங்காவது விளங்கவில்லை என்றால், தவறு அவருடையது அன்று.